பழி துடைத்த வாள்

நாட்டுப் பாடல் துரோகி என்று முத்திரை குத்திய ஒருவனுக்காக 1989ல் ஒரு மலையாளப் படம் வாதாடியது. 'ஒரு வடக்கன் வீரகாதா'வின் வாள்வீச்சும் விளக்கொளியும் இன்றும் கண்ணை நிறைக்கின்றன. அந்த அழகுக்குப் பின்னால் ஒரு வழக்கு இருக்கிறது.

போடிநாயக்கனூரிலிருந்து பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே ஏறினால் போடிமெட்டு. தமிழ்நாடு இங்கே முடிந்து கேரளத்தின் இடுக்கி மாவட்டம் தொடங்குகிறது. ஏலத் தோட்ட வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு காலையில் ஜீப்புகள் மலையேறுகின்றன. மாலையில் அதே ஜீப்புகள் இறங்குகின்றன. டீக்கடையில் எந்த மொழியில் கேட்டாலும் டீ வரும். 1956 நவம்பர் 1ல் கேரளம் தனி மாநிலமானபோது தேவிகுளமும் பீர்மேடும் அந்தப் பக்கம் போயின. வரைபடத்தில் கோடு விழுந்தது. ஜனங்கள் அதைத் தாண்டிப் போய் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

போடிமெட்டைத் தாண்டிப் பூப்பாறைக்குப் போனால் சாலை பிரிகிறது. ஒன்று மூணாறுக்கு, மற்றது குமுளிக்கு. இரண்டு ஊர்களிலும் சுற்றுலாப் பயணிகளுக்கு மாலை நேரப் பொழுதுபோக்கு ஒன்று உண்டு: களரிப்பயட்டு. டிக்கெட் வாங்கி உட்கார்ந்தால், கீழே குழி போன்ற களத்தில் எண்ணெய் மினுங்கும் உடம்போடு இளைஞர்கள் வந்து குருவையும் விளக்கையும் வணங்குகிறார்கள். முதலில் உடம்பு வளைகிறது. பிறகு கம்பு, கட்டாரி, வாளும் கேடயமும். இரும்பும் இரும்பும் உரசித் தீப்பொறி பறக்கிறது. சாட்டையைப் போலச் சுழலும் உறுமியைப் பார்த்துக் குழந்தைகள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்கின்றன. கடைசியில் நெருப்பு வளையத்துக்குள் பாய்ச்சல். பலத்த கைதட்டல். எல்லோரும் ஓட்டலுக்குத் திரும்புகிறார்கள்.

குமுளியில் இந்தக் காட்சியை நடத்தும் மையத்தின் பெயர் கடத்தநாடன் களரி. பெயருக்கும் இந்த மலைக்கும் சம்பந்தமில்லை. கடத்தநாடு என்பது கேரளத்தின் வடபகுதியில், வடகரையைச் சுற்றியுள்ள பழைய நாடு. களரி வீரர்களைப் பற்றிய 'வடக்கன் பாட்டு'களின் சொந்த ஊர். வாள் எப்படிச் சுழல்கிறது என்பதை மாலைக் காட்சி அற்புதமாகக் காட்டிவிடுகிறது. ஆனால் அந்த வாள்கள் யாருக்காகச் சுழன்றன, வென்றவன் என்ன ஆனான், தோற்றவனைப் பற்றி ஊர் என்ன பேசியது என்பதெல்லாம் ஒரு மணி நேரக் காட்சியில் அடங்காத கேள்விகள். அந்தக் கேள்விகளை எடுத்துக்கொண்ட படம்தான் 'ஒரு வடக்கன் வீரகாதா'. எம்.டி.வாசுதேவன் நாயர் எழுத, ஹரிஹரன் இயக்கத்தில் 1989ல் வெளியான இந்தப் படம், 2025 பிப்ரவரி 7ல் 4கே தரத்தில் புதுப்பிக்கப்பட்டு மறுபடியும் தியேட்டர்களுக்கு வந்தது. முதல் தடவை வந்தபோது பிறந்திராத ரசிகர்களும் அதைப் பெரிய திரையில் பார்த்தார்கள்.

பாட்டு சொன்ன தீர்ப்பு

வடக்கன் பாட்டுகளில் இரண்டு குடும்பங்கள் முக்கியமானவை. ஒன்று நாயர் குலத்துத் தச்சோளி வீடு. அதன் நாயகன் ஒதேனன். மற்றது தீயர் குலத்துப் புத்தூரம் வீடு. அதன் பிள்ளைகள் ஆரோமல் சேகவரும் அவன் தங்கை உண்ணியார்ச்சாவும். சேகவர்கள் என்போர் அங்கம் வெட்டுபவர்கள். இரண்டு பிரபுக்களுக்குள் சொத்துத் தகராறோ மானத் தகராறோ வந்தால் அவர்கள் தாங்களே சண்டை போடுவதில்லை. ஆளுக்கொரு சேகவரைப் பிடித்து, கிழியாகப் பொன் கொடுத்து, அங்கத்தட்டு என்ற மேடையில் ஏற்றிவிடுவார்கள். எவருடைய சேகவர் உயிரோடு இறங்குகிறாரோ அவர் பக்கம் நியாயம். செத்தவரின் வீட்டுக்குச் சவம் போகும்.

ஆரோமல் ஏறிய அங்கம் உண்ணிக்கோனாருக்காக. எதிர்த் தரப்பான உண்ணிச்சந்திரோருக்காக வந்தவர் அரிங்கோடர், களரியில் பழம் தின்று கொட்டை போட்டவர். ஆரோமலுக்குத் துணையாகப் போனவன் மச்சினன் சந்து. உண்ணியார்ச்சாவை மணக்க விரும்பி, மறுக்கப்பட்டவன். பாட்டின்படி அவன் கொல்லனுக்குக் கையூட்டுக் கொடுத்து ஆரோமலின் வாளைப் பலவீனமாக்குகிறான். அங்கத்தின் நடுவே வாள் முறிகிறது. மிஞ்சிய முறிவாளை வைத்தே ஆரோமல் அரிங்கோடரை வெல்கிறான். களைத்துப் படுத்தவனை, பக்கத்தில் இருந்த குத்துவிளக்கால் சந்து குத்துகிறான். பல வருடம் கழித்து உண்ணியார்ச்சாவின் மகன் ஆரோமலுண்ணி வந்து சந்துவைக் கொன்று பழி தீர்க்கிறான்.

தலைமுறை தலைமுறையாக வயலில் நாற்று நடுபவர்களும் திண்ணையில் உட்கார்ந்தவர்களும் இதைப் பாடினார்கள். 'சதியன் சந்து' என்பது மலையாளத்தில் வசைச்சொல்லாகவே நிலைத்துவிட்டது. கூட இருந்து குழி பறிப்பவனுக்கு அந்தப் பெயர். சினிமாவும் பாட்டின் பக்கமே நின்றது. 1961ல் குஞ்சாக்கோ எடுத்த 'உண்ணியார்ச்சா' தொடங்கி வடக்கன் பாட்டுப் படங்கள் வரிசையாக வந்தன. ஜிகினா உடை, அட்டைக் கோட்டை, பிரேம் நசீரின் புன்னகை என்று அவை ஓடின. 1978ல் வந்த 'தச்சோளி அம்பு' மலையாளத்தின் முதல் சினிமாஸ்கோப் படம். அதில் ஒதேனனாக நடித்தவர் சிவாஜி கணேசன்.

விளக்கு என்ற சாட்சி

எம்.டி. இந்த வழக்கை மறுபடியும் எடுத்தார். பாட்டில் உள்ள நிகழ்ச்சிகளை அவர் பெரும்பாலும் மாற்றவில்லை. வாள் முறிகிறது. விளக்கு குத்துகிறது. ஆரோமல் சாகிறான். மாறுவது பார்க்கும் இடம் மட்டும். இந்த முறை கதை சந்துவின் நினைவாக விரிகிறது.

அப்பா அம்மா இல்லாத பையனாக மாமன் வீட்டுக்கு வந்து சேர்ந்தவன் சந்து. களரியில் மற்ற எல்லோரையும்விடக் கெட்டிக்காரன். அதனாலேயே வீட்டுப் பிள்ளை ஆரோமலின் கண்ணில் முள். உண்ணியார்ச்சா அவனிடம் ஆசை காட்டுகிறாள். கல்யாணம் வேறிடத்தில் நடக்கிறது. அவமானம் மேல் அவமானமாக வருகிறது. ஒவ்வொரு தடவையும் அவன் வாயைத் திறக்காமல் ஒதுங்கிப் போகிறான். அங்கத்துக்குத் துணை போக அவன் சம்மதிப்பதற்கும் உண்ணியார்ச்சா கொடுத்த வாக்கே காரணம். வாள் கெட்டதில் அவனுக்குப் பங்கில்லை. களைத்துக் கிடக்கும் ஆரோமல் சந்தேகத்தில் கொதித்து அவன் மீது பாய்கிறான். அந்தத் தள்ளுமுள்ளில் விளக்கு உடம்பில் ஏறிவிடுகிறது. சாகிறவன் வாயிலிருந்து வருவது சந்துவின் பெயர். சாகிறவன் பொய் சொல்வானா என்று உலகம் கேட்கும். சந்துவிடம் அதற்குப் பதில் இல்லை.

இந்த இடத்தில்தான் படத்தின் காட்சி அழகு வெறும் அலங்காரமாக இல்லை என்பது புரிகிறது. படம் முழுக்க விளக்கு எரிகிறது. களரியின் மூலையில், வீட்டு நடையில், இரவுக் காட்சிகளில் எண்ணெய்த் திரியின் மஞ்சள் ஒளி வெற்றுத் தோள்களிலும் பொன் நகைகளிலும் பட்டு நிற்கிறது. ரசிகன் அந்த ஒளியை ரசிக்கப் பழகிவிடுகிறான். பிறகு அதே விளக்கு ஒருவன் உயிரை எடுத்து, இன்னொருவன் பெயரையும் எடுக்கிறது. பாட்டில் ஒரு வரியில் வரும் கொலைக் கருவியைப் படம் இரண்டரை மணி நேரத்துக்குமேல் கண்ணெதிரே வைத்திருக்கிறது. வக்கீல் சாட்சியைக் கூண்டில் ஏற்றும் நேர்த்தி இது.

சண்டைகளும் அப்படித்தான். களரி வீரனின் பலம் பாதத்தில் இருக்கிறது. பழைய முறைப்படி களரி என்பது நாற்பத்திரண்டு அடி நீளமும் இருபத்தோரு அடி அகலமும் கொண்ட குழி. மூலையில் ஏழு படியுள்ள பூத்தறை. முதலில் மெய்ப்பயிற்சி. யானை, சிங்கம், குதிரை, பாம்பு, மயில் என்று விலங்கு, பறவைகளின் நிலைகளில் உடம்பைப் பழக்குவார்கள். அதன் பிறகே கம்பு, அதற்கும் பிறகே இரும்பு. தரையோடு தரையாகத் தாழ்ந்து நின்று, எதிரியின் கண்ணை விட்டுக் கண் எடுக்காமல், ஒரே மூச்சில் எழும்பித் தாக்குவது இந்தக் கலையின் இலக்கணம். படத்தில் பாய்ச்சல்கள் உண்டு. ஆனால் பாய்ந்த கால் மண்ணுக்குத் திரும்பியே ஆக வேண்டும். வாளுக்குக் கனம் தெரிகிறது. கேடயம் அடி வாங்கும்போது தோள் குலுங்குகிறது. இதனால் ஒரு லாபம்: மம்மூட்டியின் சந்து சண்டையில் எவ்வளவு கெட்டிக்காரன் என்பது சந்தேகமே இல்லாமல் நிலைநாட்டப்படுகிறது. இப்படிப்பட்ட ஒருவனுக்குச் சதி செய்ய வேண்டிய அவசியம் என்ன? வாதம் வசனத்தில் வருவதற்கு முன்பே கண்ணுக்குள் போய்விடுகிறது.

எல்லை தாண்டிய கண்கள்

இந்தக் கண்ணின் பின்னால் இருந்த இரண்டு பேர் தமிழ்நாட்டில் பிறந்தவர்கள் என்பது இங்கே பலருக்குத் தெரியாது. கலை இயக்குநர் பி.கிருஷ்ணமூர்த்தி பூம்புகார்க்காரர். சென்னை ஓவியக் கல்லூரியில் படித்தவர். கன்னட இயக்குநர் ஜி.வி.ஐயரின் படங்களில் பழைய காலத்தைக் காசு அதிகம் செலவழிக்காமல் உண்மையாகக் காட்டுவது எப்படி என்று பழகியவர். 'ஒரு வடக்கன் வீரகாதா'வில் அவர் அட்டைக் கோட்டையைத் தூக்கி எறிந்தார். செம்மண் கல், மரம், ஓலை, வெள்ளைத் துணி, கறுத்துப்போன வெண்கலம் ஆகியவற்றின் நிறங்களே படத்தின் நிறங்கள். சரிகையும் ஜிகினாவும் இல்லாத இந்த வீரர்கள் முன்னைய படங்களின் வீரர்களைவிடக் கம்பீரமாக இருந்தார்கள். அந்த ஆண்டின் தேசிய விருதுகளில் கலை இயக்கத்துக்கு ஒன்று, உடை அமைப்புக்கு ஒன்று என்று இரண்டையும் இதே படத்துக்காக அவர் வாங்கினார். பிற்பாடு 'பாரதி'யிலும் (2000) 'இம்சை அரசன் 23ம் புலிகேசி'யிலும் (2006) தமிழர்கள் பார்த்தது அவர் கைவண்ணத்தைத்தான். 2020 டிசம்பரில் காலமானார்.

ஒளிப்பதிவாளர் ராமச்சந்திர பாபு மதுராந்தகத்தில் பிறந்தவர். புனே திரைப்படக் கல்லூரி மாணவர். எம்.டி. முதன்முதலாக இயக்கிய 'நிர்மால்யம்' (1973) படத்துக்கும் இவரே கேமரா. வடக்கன் வீரகாதாவுக்காகக் கேரள அரசின் விருது பெற்றார். 2019 டிசம்பரில் இறந்தார். பாடல்களுக்கு இசை பம்பாய் ரவி. 'சௌத்வீன் கா சாந்த்' தந்த டில்லிக்காரர், எண்பதுகளில் ஹரிஹரன், எம்.டி. படங்களின் மூலம் மலையாளத்தில் இரண்டாவது வாழ்க்கை பெற்றவர். உண்ணியார்ச்சாவாக நடித்தவர் 'தில்லுமுல்லு', 'ராஜபார்வை' படங்களில் தமிழர்கள் பார்த்த மாதவி. இப்படிக் கடத்தநாட்டின் கதையைத் திரைக்குக் கொண்டுவந்த கூட்டத்தில் பாதிப் பேர் வெளியூர்.

எதிர்த்திசையிலும் இதே கதைதான். தமிழ் ரசிகனுக்கு வாள் சண்டை என்றால் எம்.ஜி.ஆரும் நம்பியாரும். 'சர்வாதிகாரி' (1951) தொடங்கிப் பல படங்களில் அந்த இருவரும் படிக்கட்டு ஏறியும் இறங்கியும் வாள் வீசிக்கொண்டார்கள். எம்.ஜி.ஆரின் தாய்வீட்டு ஊர் பாலக்காடு மாவட்டத்தின் வடவன்னூர். நம்பியார் வடக்கன் பாட்டுகளின் பக்கத்து நாடான கண்ணூரில் பிறந்தவர். தமிழ்த் திரையின் மிகப் பெரிய வாள் சண்டை இரண்டு மலையாளிக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குள் நடந்தது. மலையாளத் திரையின் மிக அழகான வாள் சண்டையைத் தமிழ்நாட்டில் பிறந்த இருவர் வடிவமைத்தும் படம் பிடித்தும் கொடுத்தார்கள். போடிமெட்டுச் சாவடியில் இதற்கெல்லாம் வரி கிடையாது.

சீனத்து மூன்று வண்ணங்கள்

சரித்திரச் சண்டைப் படம் என்றவுடன் உலகம் இன்று சீனாவைத்தான் நினைக்கிறது. கிங் ஹூவின் 'எ டச் ஆஃப் ஜென்' 1975ல் கான் விழாவில் பரிசு வாங்கியபோது அதன் மூங்கில் காட்டுச் சண்டை பேசப்பட்டது. ஆங் லீயின் 'கிரவுச்சிங் டைகர், ஹிட்டன் டிராகன்' (2000) நான்கு ஆஸ்கர்களை அள்ளிக்கொண்டு போனது. மூங்கில் நுனியில் நின்றுகொண்டு வாள் வீசுபவர்களைப் பார்த்து உலகமே வாய் பிளந்தது.

ஆனால் வடக்கன் வீரகாதாவோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய படம் ஜாங் யிமோவின் 'ஹீரோ' (2002). பேரரசனைக் கொல்லத் திட்டமிட்டிருந்த மூன்று பேரைத் தான் கொன்றுவிட்டதாகச் சொல்லிக்கொண்டு ஒரு வீரன் அரண்மனைக்கு வருகிறான். நடந்ததைச் சொல்கிறான். திரை சிவப்பாகிறது. அரசன் நம்பவில்லை, இப்படித்தான் நடந்திருக்கும் என்று வேறு விதமாகச் சொல்கிறான். திரை நீலமாகிறது. பிறகு உண்மை வருகிறது, வெள்ளை உடையில். ஒரே நிகழ்ச்சி, ஒரே ஆட்கள். சொல்பவன் மாறினால் வண்ணம் மாறுகிறது. மஞ்சள் இலைகள் சுழலும் காட்டில் இரண்டு பெண்கள் போடும் சண்டையைப் பார்த்தவர்கள் மறப்பதில்லை. ஆனால் அந்தப் படத்திலும் வண்ணம் அலங்காரத்துக்காக மட்டும் வரவில்லை. யார் சொல்வது நிஜம் என்ற கேள்விக்கு அது அடையாளம்.

இரண்டு படங்களும் முடியும் விதம்தான் வித்தியாசம். 'ஹீரோ'வின் வீரன் அரசனைக் கொல்ல முடிந்தும் கொல்லாமல் விடுகிறான், நாடு ஒன்றாக வேண்டும் என்பதற்காக. அவன் மீது அம்புகள் பாய்கின்றன. சர்வாதிகாரத்துக்குப் படம் வக்காலத்து வாங்குகிறது என்று அப்போதே விமர்சனம் எழுந்தது. சந்துவும் கொல்ல முடிந்தும் கொல்லாமல் விடுகிறான். பழிவாங்க வந்த இரண்டு இளைஞர்களையும் வாளில் ஜெயிக்கிறான். அவர்கள் அவன் தூக்கி வளர்த்திருக்க வேண்டிய பிள்ளைகள். உயிரோடு விட்டால் தோற்றவர்கள் என்ற பெயரோடு அவர்கள் ஊர் திரும்ப வேண்டும். அவமானத்தோடு ஊர் திரும்புவது என்ன என்று அவனைவிட யாருக்குத் தெரியும்? தன் உயிரைத் தானே முடித்துக்கொள்கிறான், வெற்றியை அவர்களுக்கு விட்டுவிட்டு. ஆக, பாட்டு பொய்யாகவே தொடரும். உண்மை தெரிந்தது தியேட்டரில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு மட்டும். சீன வீரன் ஒரு பேரரசுக்காகச் சாகிறான். மலையாள வீரன் எதிரியின் பிள்ளைகள் தலை நிமிர்ந்து நடப்பதற்காகச் சாகிறான். எது பெரிய தியாகம் என்பதைப் பார்ப்பவர்கள் தீர்மானித்துக்கொள்ளலாம்.

இன்னொரு குற்றவாளி?

இந்த மேல்முறையீட்டுக்கு எதிர்வாதமும் உண்டு. சந்துவின் பழியைத் துடைத்த படம் அதை உண்ணியார்ச்சாவின் மேல் பூசிவிட்டது என்பது அது. பாட்டில் அவள் சாமானியப் பெண் அல்ல. புருஷன் வீட்டார் தடுத்தும் கேட்காமல் அல்லிமலர்க் காவில் கூத்துப் பார்க்கப் போகிறவள். வழியில் நாதாபுரத்தில் ரவுடிகள் மறிக்கும்போது கணவன் நடுங்கி நிற்க, இடுப்பில் சுற்றியிருந்த உறுமியை உருவிக்கொண்டு எதிர்த்து நின்றவள். கேரளத்துப் பெண்களுக்குத் தைரியத்தின் பெயரே உண்ணியார்ச்சா. படத்திலோ அவள் ஆசை காட்டி ஏமாற்றுபவள், வாக்குக் கொடுத்துக் கைவிடுபவள். ஓர் ஆணுக்கு நியாயம் வழங்கப் போய் ஒரு வீராங்கனையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டுமா என்ற கேள்வி நியாயமானது. படத்தில் பெண்ணைக் குறை கூறி வரும் வசனங்களைக் கைதட்டி ரசித்த கூட்டத்தை நினைத்தால் கேள்வி இன்னும் கனக்கிறது.

இதற்குச் சினிமாவைவிட நல்ல பதிலைக் கொடுத்தது கடத்தநாடுதான். வடகரையில் 1949லிருந்து நடக்கும் கடத்தநாடன் களரி சங்கத்தின் ஆசிரியை மீனாட்சி அம்மா. ஏழு வயதில் களரிக்குள் வந்தவர், எழுபது தாண்டிய பிறகும் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு தன்னில் பாதி வயதுகூட ஆகாத ஆண்களோடு வாள் பிடித்தார். 2017ல் பத்மஸ்ரீ கிடைத்தது. எம்.டி. எடுத்துக்கொண்ட உண்ணியார்ச்சாவை அந்த மண் திருப்பி வாங்கிக்கொண்டது என்று சொல்லலாம்.

ஆனால் படத்துக்குள் ஆழமாக இன்னொரு குற்றச்சாட்டு இருக்கிறது. அது சந்துவையும் தாண்டியது, உண்ணியார்ச்சாவையும் தாண்டியது. சொத்துக்காகச் சண்டை போடும் பிரபுக்கள் இருவரும் அங்கத்தட்டில் கால் வைப்பதில்லை. பணம் கொடுக்கிறார்கள், உட்கார்ந்து பார்க்கிறார்கள். மேடையில் வெட்டிக்கொள்ளும் அரிங்கோடருக்கும் ஆரோமலுக்கும் தனிப்பட்ட பகை கிடையாது. ஒரே தொழில் செய்யும் இரண்டு கூலிகள். ஜெயித்தவனும் சாகிறான், தோற்றவனும் சாகிறான், துணைக்குப் போனவன் பெயர் கெடுகிறது. நிலம் மட்டும் பத்திரமாக ஒரு பிரபுவிடம் போய்ச் சேருகிறது. வீரத்தைப் பாடும் பாட்டுகள் இந்தக் கணக்கைச் சொல்வதில்லை. ஏலத் தோட்ட ஜீப்பில் தொற்றிக்கொண்டு போகிறவர்களுக்கு இந்தக் கணக்கை யாரும் விளக்க வேண்டியதில்லை.

பின்னால் வந்த படங்கள் இதைவிடப் பெரிய பணத்தில் எடுக்கப்பட்டன. அதே எம்.டி., ஹரிஹரன், மம்மூட்டி கூட்டணி 2009ல் 'பழசிராஜா' தந்தது. சரத்குமார் எடச்சேன குங்கனாக வாள் பிடித்தார், இளையராஜா இசையமைத்தார், தமிழிலும் வந்தது. சந்தோஷ் சிவனின் 'உறுமி' (2011) ஒவ்வொரு ஷாட்டிலும் ஓவியமாக இருந்தது. அதே ஆண்டில் தமிழில் வந்த '7ஆம் அறிவு' போதிதர்மரைக் காட்டி, தமிழன் சீனாவுக்குச் சண்டை கற்றுக்கொடுத்தான் என்று பெருமைப்பட்டது. பெருமை பேசுவது சுலபம். தன் சொந்தப் பாட்டையே சந்தேகப்பட்டு, நாம் இத்தனை நாள் திட்டியவன் நல்லவனாக இருந்தால் என்ன செய்வது என்று கேட்பது கடினம். அதைச் செய்த வாள் சண்டைப் படம் இந்தியாவில் அபூர்வம். 1989ன் தேசிய விருதுகளில் திரைக்கதைக்கான பரிசு எம்.டி.க்குப் போனது. சிறந்த நடிகர் விருது இந்தப் படத்துக்கும் 'மதிலுக'ளுக்கும் சேர்த்து மம்மூட்டிக்கு. படம் மறுபடி வெளியாவதற்குச் சில வாரங்களுக்கு முன்பு, 2024 டிசம்பர் 25ல், எம்.டி. காலமானார்.

கண்ணகி இல்லாத கோவலன்

போடிமெட்டிலிருந்து தெற்கே, குமுளிக்கு மேலே காட்டுக்குள் மங்கலதேவி மலை இருக்கிறது. அதன் உச்சியில், இரு மாநில எல்லையில், கண்ணகி கோயில். வருடத்தில் ஒரே நாள், சித்ரா பௌர்ணமி அன்று, பக்தர்களை மேலே அனுமதிக்கிறார்கள். தேனி, இடுக்கி மாவட்ட அதிகாரிகள் முன்கூட்டியே உட்கார்ந்து பேசி ஏற்பாடு செய்கிறார்கள். தமிழில் ஒரு பூசை, மலையாளத்தில் ஒரு பூசை. விசாரிக்காமல் கள்வன் என்று சொல்லிக் கொல்லப்பட்ட ஒருவனின் மனைவி, உடைத்த சிலம்போடு அரசன் முன்னால் நின்று கணவனின் பெயரை மீட்டாள். அவள் பிறந்த புகாரிலேயே பிறந்து, அவளைப் போலவே மலை தாண்டி வந்து, தீர விசாரிக்காமல் துரோகி ஆக்கப்பட்ட இன்னொருவனின் வழக்குக்கு விளக்கும் வாளும் அமைத்துக் கொடுத்தார் பி.கிருஷ்ணமூர்த்தி.

கோவலனுக்குக் கண்ணகி இருந்தாள். சந்துவுக்கு யாருமில்லை. அவனுக்காக வாதாட ஒரு திரைக்கதாசிரியர் வர வேண்டியிருந்தது.

குமுளியில் இன்று மாலையும் காட்சி நடக்கும். தீப்பொறி பறக்கும். முடிந்ததும் விளக்கை ஊதாமல், கையால் வீசி அணைப்பார்கள். கூட்டம் கலையும் அந்த நேரத்தில், குழியின் மூலையில் கறுத்து நிற்கும் அந்தக் குத்துவிளக்கை ஒரு நிமிடம் நின்று பார்க்கலாம். அது யாரைக் குத்தியது என்று பாட்டு சொல்லும். எப்படிக் குத்தியது என்று கேட்டது ஒரு படம்தான்.